‘ஜாப்’ எத்தனை முடிந்தது? உற்பத்தித் துறைக்கான பொது ஆன்டாலஜியை முதல் முறை உருவாக்குபவர்களுக்கு

“இன்றைக்கு எத்தனை ஜாப் முடிந்தது?” என்று ஒரு தொழிற்சாலையில் மூன்று இடங்களில் கேட்டேன். லேத்தில், அதாவது கடைசல் எந்திரத்தில், நின்றவர் 240 என்றார். பிளானிங்கில் 3 என்றார்கள். கணக்குப் பிரிவில் ஒன்றுகூட முடியவில்லை என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. லேத்காரருக்கு ஜாப் என்றால் எந்திரத்தின் பிடியான சக்கில் மாட்டும் துண்டு. பிளானிங்குக்கு அது வேலை உத்தரவு. கணக்குப் பிரிவுக்கோ சரக்கு முழுவதும் போய்ச் சேர்ந்து பில் போட்டால்தான் ஜாப் முடிந்த கணக்கு.

மனிதர்கள் பேசிக்கொள்ளும் வரை இதில் பெரிய தொல்லை இல்லை. எதிரில் இருப்பவரைப் பார்த்தே எந்த ஜாப் என்று புரிந்துகொள்கிறோம். மூன்று பேரின் மென்பொருள்களையும் இணைத்து, ஒரே பெயருள்ள மூன்று எண்களையும் கூட்டி, திரையில் 243 என்று காட்டும்போதுதான் சிக்கல் வெளியே வருகிறது. கூட்டிய நிரலில் ஒரு பிழையும் இருக்காது.

இப்படிப்பட்ட சொற்களை, மனிதரும் கணினியும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும்படி எழுதி வைப்பதுதான் ஆன்டாலஜி. இந்தச் சொல் தத்துவத் துறையிலிருந்து வந்தது. கணினித் துறையில் அதற்குப் பரவலாக எடுத்தாளப்படும் விளக்கத்தை டாம் குரூபர் 1993-இல் கொடுத்தார்: ஒரு துறையை நாம் எப்படிக் கருத்தில் பிரித்துப் பார்க்கிறோமோ, அதை வெளிப்படையாக எழுதி வைப்பது. எந்தெந்த வகைப் பொருள்கள் உண்டு, அவற்றுக்குள் என்ன உறவு, எது எதுவாக இருக்கவே முடியாது என்பதெல்லாம் அதில் வரும். அகராதி மனிதருக்கு மட்டும் விளக்கும். தரவுத்தள அட்டவணை ஒரு மென்பொருளின் வசதிக்காக வடிவமைக்கப்பட்டது. ஆன்டாலஜி எந்த மென்பொருளுக்கும் சொந்தமில்லாமல் நடுவில் நிற்க வேண்டும். ‘பொது’ என்ற அடைமொழி அதனால்தான்.

எப்படித் தொடங்குவது என்று பார்ப்போம். கணினிக்கோப்பு ஆறாவது படியில்தான் வரும். அதுவரை தாளும் பேனாவும் போதும்.

படி 1: கேள்விகளை எழுதுங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் உலகத்தையே வரையத் தொடங்கிவிடுகிறார்கள். உற்பத்தி, அதற்குக் கீழே எந்திரம், அதற்குக் கீழே லேத், மில்லிங், கிரைண்டிங் என்று கிளை விட்டுக்கொண்டே போகும். மூன்று மாதம் கழித்து அழகான மரம் இருக்கும். அதை வைத்து எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல முடியாது.

அதற்குப் பதிலாக, இந்த ஆன்டாலஜி பதில் சொல்ல வேண்டிய கேள்விகளை முதலில் எழுதுங்கள். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் குரூனிங்கரும் மார்க் ஃபாக்ஸும் 1995-இல் இதை ஒரு முறையாகவே வகுத்தார்கள். தகுதிக் கேள்விகள் என்று சொல்லலாம். அவர்கள் கையில் எடுத்திருந்ததும் தொழில் நிறுவனங்களை மாதிரியாக்கும் வேலைதான் என்பதால், நம் துறைக்கு அது அப்படியே பொருந்துகிறது.

நல்ல கேள்வி இப்படி இருக்கும்: “நேற்று இரண்டாம் ஷிஃப்டில் துளை விட்டம் டாலரன்ஸைத் (அனுமதித்த அளவு வித்தியாசத்தை) தாண்டிய துண்டுகளை எந்த டூல் வெட்டியது, அந்த டூல் அதற்கு முன் எத்தனை துண்டு வெட்டியிருந்தது?” இந்த ஒரு வாக்கியத்திலேயே துண்டு, துளை, விட்டம், டாலரன்ஸ், டூல், வெட்டுதல், ஷிஃப்ட் எல்லாம் வந்துவிட்டன. இவை உங்கள் ஆன்டாலஜிக்குள் வந்தாக வேண்டும். கேன்டீனும் வருகைப் பதிவேடும் வர வேண்டியதில்லை.

கெட்ட கேள்வி: “எங்கள் தரத்தை எப்படி மேம்படுத்துவது?” இதற்கு எந்த ஆன்டாலஜியும் பதில் சொல்லாது.

பத்திலிருந்து இருபது கேள்வி போதும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இதற்குப் பதில் தெரியாமல் இப்போது யார் கஷ்டப்படுகிறார் என்றும் எழுதுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருக்கும் கேள்வியை அடித்துவிடலாம்.

படி 2: சொற்களைச் சேகரியுங்கள்

டிராயிங், ப்ராசஸ் ஷீட், ஆய்வு அறிக்கை, மென்பொருள் திரைகளின் தலைப்புகள், ஷிஃப்ட் மாறும்போது சூப்பர்வைசர் எழுதும் குறிப்பு. இவற்றில் வரும் பெயர்ச்சொற்களையும் வினைச்சொற்களையும் ஒரு தாளில் போடுங்கள். யார் சொன்னது, எந்த இடத்தில் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் சண்டை வரும்போது இதுதான் கைகொடுக்கும். ஒரே சொல்லை இரண்டு பேர் வேறு பொருளில் சொன்னால், இரண்டு வரியாகவே எழுதுங்கள். இந்தக் கட்டத்தில் யாரையும் திருத்தாதீர்கள்.

படி 3: ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் போடுங்கள்

நேரம் முழுவதையும் விழுங்கும் படி இது. விழுங்கட்டும், பரவாயில்லை.

சொல்லைக் கையில் எடுத்து நான்கு கேள்வி கேளுங்கள். இது தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளா? ஒரு நேரத்தில் தொடங்கி இன்னொரு நேரத்தில் முடியும் நிகழ்வா? தாளிலோ கோப்பிலோ இருக்கும் தகவலா? இல்லை, ஒரு பொருள் சில காலம் ஏற்றுக்கொள்ளும் பங்கா?

‘ஜாப்’பை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கில் இருக்கும் துண்டு பொருள். அதைக் கடைவது நிகழ்வு. வேலை உத்தரவு தகவல். அது காகிதத்தில் இருந்தாலும் திரையில் இருந்தாலும் அதே உத்தரவுதான். வாடிக்கையாளர் ஆர்டரும் தகவல், ஆனால் வேறு தகவல்: ஓர் ஆர்டருக்குப் பல வேலை உத்தரவுகள் பிறக்கலாம். ஆக ஒரே சொல்லுக்குள் நான்கு ஆள் குடியிருந்திருக்கிறார்கள். இப்போது நான்கு வகுப்புகளும் (ஆன்டாலஜியில் வகைகளை அப்படித்தான் சொல்வார்கள்) அவற்றுக்கிடையே உறவுகளும் கிடைத்துவிட்டன: உத்தரவு நிகழ்வைக் குறிக்கிறது, நிகழ்வில் துண்டு பங்கேற்கிறது, உத்தரவு ஆர்டரிலிருந்து பிறக்கிறது.

பங்கு என்பதுதான் புதியவர்களுக்குப் பிடிபட நாளாகும். ‘மூலப்பொருள்’ என்ற சொல்லைப் பாருங்கள். அது எஃகுக் கம்பியின் ஒரு வகை என்று எழுதத்தான் கை போகும். ஆனால் அதே கம்பி, அதை உருட்டிய ஆலையில் முடிந்த சரக்கு. லாரியில் ஏறி உங்கள் ஸ்டோருக்கு வந்ததும் மூலப்பொருள். கம்பியில் ஓர் அணுவும் மாறவில்லை. மாறியது அது வகிக்கும் பங்கு. ‘மூலப்பொருள்’, ‘முடிந்த சரக்கு’ இரண்டையும் பொருள் வகைகளாக்கி, இரண்டும் ஒன்றாக முடியாது என்றும் எழுதிவிட்டால், விற்பவர் தரவும் வாங்குபவர் தரவும் சேரும் நாளில் ஆன்டாலஜி முரண்பட்டு நிற்கும். இரண்டு நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளப்போகும் ஆன்டாலஜியில் முதலில் உடையும் இடம் பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு குழி: பார்ட் நம்பரும் சீரியல் நம்பரும். பார்ட் நம்பர் ஒரு வடிவமைப்பைச் சுட்டுகிறது. அது தகவல், அதற்கு எடை கிடையாது, எடை இவ்வளவு இருக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே உண்டு. சீரியல் நம்பர் கையில் இருக்கும் ஒரு தனிப் பொருளைச் சுட்டுகிறது. தராசில் வைக்க முடிவது அதைத்தான். இரண்டையும் ஒரே வகுப்பில் போட்டால், டிராயிங்கில் இருக்கும் 2.40 கிலோவும் தராசு காட்டிய 2.43 கிலோவும் ஒன்றோடொன்று மோதும்.

வகைமரம் போடும்போது ஒரு சின்னச் சோதனை: “ஒவ்வொரு அ-வும், எப்போதும், ஓர் ஆ-தானா?” ஒவ்வொரு லேத்தும் எப்போதும் எந்திரம்தானா? ஆமாம். ஒவ்வொரு ஸ்பிண்டிலும் லேத்தா? இல்லை, அது லேத்தின் உறுப்பு, சுழலும் தண்டு. வகை வேறு, உறுப்பு வேறு. லேத், சக், ஸ்பிண்டில் என்று எல்லாவற்றையும் ஒரே மரத்தில் தொங்கவிடும் பழக்கம் உதிரிபாகப் பட்டியல்களைப் பார்த்து வருகிறது. பட்டியலுக்கு அது சரி, இங்கே ஆகாது.

படி 4: ஏற்கெனவே இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்

பொருள், நிகழ்வு, தகவல், பங்கு என்ற பிரிவினை என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. மேல்மட்ட ஆன்டாலஜி என்று சில உண்டு. அவை எந்தத் துறைக்கும் பொதுவான மேல் அடுக்கை மட்டும் வகுத்துத் தருகின்றன. அவற்றில் பிஎஃப்ஓ (பேசிக் ஃபார்மல் ஆன்டாலஜி) என்பது 2021-இல் ஐஎஸ்ஓ/ஐஇசி 21838-2 என்ற சர்வதேசத் தரமாகவே வெளியானது. நாற்பதுக்கும் குறைவான வகுப்புகள்தான். படிக்க வறட்சியாக இருக்கும். முதல் வாசிப்பில் பாதி புரியாது. ஆனாலும் அதன் மேல் கட்டினால், அதே அடித்தளத்தில் கட்டிய இன்னொருவர் வேலையோடு உங்களுடையது ஒட்டும்.

உற்பத்திக்கென்றே அதன் மேல் எழுந்ததுதான் ஐஓஎஃப் எனப்படும் தொழில்துறை ஆன்டாலஜிக் கூட்டமைப்பின் வேலை. அவர்களுடைய மையக் கோப்பை யாரும் இறக்கிப் பயன்படுத்தலாம். பராமரிப்பு, விநியோகச் சங்கிலி, உற்பத்தித் திட்டமிடல் போன்றவற்றுக்குத் தனிக் குழுக்கள் வைத்து வேலை செய்கிறார்கள். உங்கள் சொற்பட்டியலோடு உட்கார்ந்து, எது அங்கே ஏற்கெனவே இருக்கிறது என்று பாருங்கள். வரையறை பொருந்தினால் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் மட்டும் பொருந்தி வரையறை வேறாக இருந்தால் எடுக்காதீர்கள்.

அளவீட்டு அலகுகளைச் சொந்தமாக எழுதவே எழுதாதீர்கள். 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்ததற்குக் காரணம், தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று உந்துவிசைத் தரவைப் பவுண்டு-விசை கணக்கில் கொடுக்க, வாங்கிய பக்கம் அதை நியூட்டன் கணக்காக எடுத்துக்கொண்டதுதான். அலகுகளுக்குக் க்யூடிட் என்ற தயாரான தொகுப்பு இருக்கிறது. சென்சாருக்கும் அளவீட்டுக்கும், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017-இல் பரிந்துரைத்த சோசா என்ற ஆன்டாலஜி இருக்கிறது.

படி 5: வரையறை எழுதுங்கள்

வடிவம் எளிது: “அ என்பது, இன்ன தனிப்பண்பு கொண்ட ஓர் ஆ.” ஆ என்பது வகைமரத்தில் அதற்கு நேர் மேலே இருக்கும் வகுப்பு. எழுதிப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். ‘செட்டிங்’ என்ற சொல்லோடு நாங்கள் மல்லுக்கட்டிய கதையைச் சொல்கிறேன்.

முதல் முயற்சி: “ஜாப் ஓட்டுவதற்கு முன் மெஷினைத் தயார் செய்வது.” உடனே கேள்விகள். காலையில் மெஷினைச் சூடேற்ற ஓடவிடுவது செட்டிங்கா? தொகுதியின் நடுவில் தேய்ந்த இன்செர்ட்டை (டூலின் வெட்டும் முனையை) மாற்றுவது? முதல் துண்டை ஆய்வுக்கு அனுப்புவது?

இரண்டாம் முயற்சி: “ஒரு வகைத் துண்டைச் செய்யும் நிலையிலிருந்து மற்றொரு வகைத் துண்டைச் செய்யும் நிலைக்கு மெஷினின் அமைப்பை மாற்றும் திட்டமிட்ட செயல்.” சூடேற்றுவதும் இன்செர்ட் மாற்றுவதும் வெளியே போய்விட்டன. அப்புறம் சூப்பர்வைசர் ஒருவர் கேட்டார்: “ஃபிக்ஸ்சர் (துண்டைப் பிடிக்கும் அமைப்பு) மாற்றி முடித்துவிட்டேன், ஆய்வாளர் வர இருபது நிமிடம் ஆகிறது. அந்த இருபது நிமிடம் செட்டிங்கா?”

அறை அமைதியானது. யாரும் எதையும் மாற்றவில்லை என்பதால் அது செட்டிங் இல்லை. ஆனால் அறிக்கையில் ‘செட்டிங் நேரம்’ என்ற எண்ணில் அந்த இருபது நிமிடமும் எப்போதும் இருந்துவந்தது. அதாவது அந்த எண் செட்டிங்கை அளக்கவே இல்லை. முந்தைய வகையின் கடைசி நல்ல துண்டு முடிந்ததிலிருந்து புதிய வகையின் முதல் நல்ல துண்டு தேறும் வரையுள்ள இடைவெளியை அளந்துகொண்டிருந்தது. இரண்டு வகுப்பாக்கினோம்: செட்டிங் என்ற செயல், மாற்று இடைவெளி என்ற காலப்பகுதி. முதலாவது இரண்டாவதுக்குள் நடக்கிறது. காத்திருப்பும் அதற்குள்தான் நடக்கிறது. இப்போது அதற்கென்று தனிப் பெயர் இருக்கிறது. அந்த ஒரு கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் போனது, வீண் என்று நான் நினைக்கவில்லை.

ஒவ்வொரு வரையறைக்கும் கீழே, இதில் சேரும் ஓர் உதாரணம், சேராத ஓர் உதாரணம் எழுதுங்கள். சேராத உதாரணம்தான் பிறகு வருபவர்களுக்கு அதிகம் உதவும்.

படி 6: கோப்பாக்கிச் சோதியுங்கள்

இப்போது கணினிக்கு வரலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான புரோட்டெஜே என்ற மென்பொருள் இலவசம். பெரும்பாலானோர் அதில்தான் பழகுகிறார்கள். கோப்பு அவுல் என்ற மொழியில் இருக்கும். டபிள்யூ3சி அதை 2004-இல் தரப்படுத்தியது, இரண்டாம் பதிப்பு 2009-இல் வந்தது. ஹெர்மிட், எல்க் போன்ற ரீசனர்களை (தர்க்கப்படி முடிவு தேடும் நிரல்களை) ஓடவிட்டால், நீங்கள் எழுதியதிலிருந்து என்னென்ன முடிவு பிறக்கிறது என்று காட்டும். “எந்தப் பொருளும் நிகழ்வாக முடியாது” என்று ஒரு வரி எழுதிவிட்டு, யாராவது ‘டிரில்லிங்’கை இரண்டுக்கும் கீழே போட்டால், அந்த வகுப்பு சிவப்பாக மாறும்: அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்று அர்த்தம். இப்படி “இது அதுவாகாது” என்ற வரிகள் இல்லாத ஆன்டாலஜியில் ரீசனருக்குப் பிடிக்கப் பிழையே கிடைக்காது. சிவப்பு ஒன்றும் வரவில்லை என்று சந்தோஷப்படுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

ரீசனர் எல்லோரையும் ஒரு முறையாவது ஏமாற்றும். “ஒவ்வொரு வெட்டுச் செயலும் ஒரே ஒரு மெஷினில்தான் நடக்கும்” என்று நான் விதி எழுதினேன். தரவில் தவறுதலாக ஒரு செயலுக்கு லேத்-3, லேத்-7 இரண்டும் பதிவாகியிருந்தன. பிழை காட்டும் என்று காத்திருந்தேன். ரீசனர் அமைதியாக, லேத்-3-உம் லேத்-7-உம் ஒரே மெஷின் என்று முடிவு செய்துவிட்டது. அதன் தர்க்கப்படி அது சரி: இரண்டு பெயர் இருப்பதால் இரண்டு பொருள் என்று அவுலில் அர்த்தமில்லை, வேறு வேறு என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதேபோல், “ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு கருவி உண்டு” என்று எழுதிவிட்டு, கருவி குறிப்பிடாத ஆய்வை ஏற்றினால் அது குறை சொல்லாது. கருவி ஏதோ ஒன்று இருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளும். சொல்லாதது பொய் ஆகாது என்பது அதன் கொள்கை.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொடுங்கள். பொருளை வரையறுக்க அவுல். “இந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது” என்று தரவைச் சோதிக்க, 2017-இல் டபிள்யூ3சி பரிந்துரைத்த ஷேக்கிள் என்ற மொழி.

படி 7: உண்மையான தரவோடு இணையுங்கள்

எந்திரங்களிலிருந்து தரவு எம்டிகனெக்ட், ஓபிசி யுஏ போன்ற தரங்கள் வழியாக வரும். அவற்றோடு போட்டி போட வேண்டாம். அவை தரவைக் கொண்டுவரும் பாதைகள். வந்த மதிப்பு எந்த வகுப்பைப் பற்றிப் பேசுகிறது என்பதைச் சொல்வதுதான் நம் வேலை. அதிலும் அவசரம் கூடாது. எம்டிகனெக்டில் ஒரு மெஷினின் செயல்நிலை ‘ஆக்டிவ்’ என்று வந்தால் நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். டூல் உலோகத்தைத் தொடாமல் காற்றில் நகரும்போதும் அது ஆக்டிவ்தான். அதை நேரே ‘வெட்டுச் செயல்’ என்ற வகுப்போடு இணைத்தால், டூல் ஆயுள் கணக்கு முழுக்கத் தவறாகும். வெட்டியதா என்று தெரிய ஸ்பிண்டில் சுமையும் வேண்டும்.

இணைத்ததும் படி 1-இல் எழுதிய கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழியில் எழுதி ஓட்டுங்கள். பதில் வருகிறதா, வந்த பதிலைத் துறை தெரிந்தவர் ஒப்புக்கொள்கிறாரா? வராத கேள்விதான் அடுத்த வாரத்து வேலைப் பட்டியல்.

படி 8: பொதுவில் வையுங்கள், உடைக்காமல் வையுங்கள்

கோப்பைக் கிட்ஹப் போன்ற இடத்தில் பதிப்புக் கட்டுப்பாட்டோடு வையுங்கள். மாற்றம் வேண்டுபவர் காரணத்தோடு கேட்கட்டும். ஏற்றாலும் மறுத்தாலும் ஏன் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே கேள்வியோடு வேறொருவர் கட்டாயம் வருவார். உரிமத்தை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். இரண்டு நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் உள்ளே வந்த பிறகு அது நடக்காது.

ஒவ்வொரு வகுப்புக்கும், ஐஆர்ஐ எனப்படும், இணைய முகவரி போன்ற நிரந்தர முகவரி கொடுங்கள். அதில் சொல்லைப் போடாமல் வெறும் எண் போடுவது என் விருப்பம்: சொல் நாளை மாறினாலும் முகவரி மாறாது. படிக்கச் சிரமம் என்று சிலர் சண்டை போடுவார்கள், அதிலும் நியாயம் உண்டு. தேவையில்லாமல் போன வகுப்பை அழிக்கவே கூடாது. ‘கைவிடப்பட்டது’ என்று குறித்து, அதற்குப் பதில் எது என்றும் காட்டுங்கள். யாருடைய பழைய தரவு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ உங்களுக்குத் தெரியாது.

கடைசியாக, மக்கள் வாயில் புழங்கும் சொற்களைத் தூக்கி எறியாதீர்கள். அவை மாற்றுப் பெயர்களாகக் கோப்பிலேயே இருக்கட்டும். ஒரே மாற்றுப் பெயர் பல வகுப்புகளுக்கு இருப்பதில் தவறில்லை. எங்கள் கோப்பில் ‘ஜாப்’ என்று ஒரு வகுப்பு கிடையாது. துண்டு, கடைதல், வேலை உத்தரவு, வாடிக்கையாளர் ஆர்டர் நான்குக்கும் அது மாற்றுப் பெயர். லேத்காரர் இன்றும் ஜாப் என்றுதான் சொல்கிறார். தேடல் பெட்டியில் அப்படி அடித்தால், நான்கில் எது என்று திரை திருப்பிக் கேட்கிறது.